ராணியக்காவின் வரிசை

கல்முனைப் பிரதான வீதியில் இருக்கிற மஜீட் ஹாஜியாரின் சனல் சென்டருக்கு முதன்முறையாகப் போகிறவர்களுக்கு ஊரார் ஒரு புத்தி சொல்லித்தான் அனுப்புவார்கள். "ராணியக்காட்ட சிரிச்சிக் கதைச்சி முன் நம்பர் எடுக்கலாமெண்டு மட்டும் போகாதீங்க. அவவும் சிரிப்பா. நம்பர் வராது."

அது மெய்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாதவர்கள் பெரிய டொக்டர்மாரைத் தனியாகக் காட்டிக்கொள்ளும் இடம் அது. கண்டியிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர் என்று வந்து, இருந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வருகிற டொக்டரை யார் முந்திக் காண்பது, யார் பிந்திக் காண்பது என்று தீர்மானிக்கிற கதிரையில் இருபத்திரண்டு வருடமாக ஞானராணி இருக்கிறாள். ஊருக்கு அவள் ராணியக்கா. வயது ஐம்பத்தெட்டு. புருசன் போய்ப் பதினாறு வருடம், பிள்ளை குட்டி இல்லை. கல்முனை மெதடிஸ்த சபையில் மூன்றாவது வரிசை வாங்கில் இடப்பக்க ஓரத்தில் அவளைத் தேடினால் கிடைப்பாள்.

அவளுடைய முறை மிக எளிமையானது. வெறும் மருந்துப் பெட்டிகளைச் சதுரமாக வெட்டி, சிவப்புப் பேனையால் ஒன்று, இரண்டு என்று எழுதி, நூல் கட்டி வைத்திருப்பாள். காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும். வந்தவர் வந்தபடி வாங்கிக்கொண்டு போய் இருக்க வேண்டியதுதான். போனில் நம்பர் கிடையாது. நோயாளி வர முடியாவிட்டால் ஓர் ஆளை அனுப்பலாம், அதில் குற்றமில்லை. பெயர் மட்டும் கேட்க மாட்டாள். பெயரைக் கேட்டால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும், ஆள் தெரிந்தால் கை தானாக மேல் அட்டையைத் தேடும் என்பது அவளுடைய கட்சி.

ஒருமுறை சம்மாந்துறையிலிருந்து அரிசி மில் முதலாளி ஒருவர் பெரிய வாகனத்தில் வந்து இறங்கி, "நான் ஆரெண்டு தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும் ஹாஜியார், இருபத்தாறாம் நம்பர்" என்று அட்டையை நீட்டினாள் ராணி. மனிதர் முகம் கறுத்துப் போய்விட்டது. ஆனாலும் இருந்து காட்டிவிட்டுத்தான் போனார். இன்னொரு நாள் பாலமுனையிலிருந்து வந்த ஒரு மீன்காரர், தன் இல்லாமையைச் சொல்லி அழுது முன் நம்பர் கேட்டார். ராணி அவருக்குத் தன் கைக்காசில் தேத்தண்ணியும் பணிசும் எடுப்பித்துக் கொடுத்தாள். நம்பர் பத்தொன்பது பத்தொன்பதாகவே இருந்தது. இல்லாதவன் என்று இரங்கினாலும் அது இன்னொருவரின் இடத்தைப் பறிப்பதுதான் என்று அவள் கருதினாள்.

சபையிலும் அவள் இப்படித்தான். நான்கு வருடத்துக்கு முன் அறுப்பின் பண்டிகைக்கு முன்வரிசையில் ஏழெட்டுக் கதிரைக்கு வெள்ளைச் சீலை போர்த்து, அதிகாரிமார் இருக்கட்டும் என்று நிருவாகத்தார் ஒதுக்கினார்கள். பண்டிகைக்கு முதல் நாள் கூட்டத்தில் ராணி எழும்பி, "கர்த்தருக்கு முன்னால வெள்ளச் சீல போட்ட கதிர ஆருக்கு?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டாள். அடுத்த நாள் சீலை இல்லை. போதகர் ஐயா அதை மறக்கவில்லை. பட்சபாதம் என்ற பொருளில் பிரசங்கம் வருகிறபோதெல்லாம், "நமக்கு உதாரணம் தேடி வெளிய போகத் தேவையில்லை, நம்மட சபையிலேயே ஒரு சகோதரி இரிக்கிறா" என்பார். பெயர் சொல்லமாட்டார். எல்லாரும் மூன்றாவது வாங்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். ராணி பாட்டுப் புத்தகத்தை விரித்து எதையோ தேடுவதுபோல இருப்பாள். உள்ளே தேன் இறங்கும். மனிசிதானே.

இவ்வளவும் ஊர் அறிந்த கதை. ஊர் அறியாது என்று ராணி நினைத்துக்கொண்டிருந்த கதை ஒன்றும் உண்டு.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஊரில் தமிழாக்கள், முஸ்லிமாக்கள் என்று கதை கொஞ்சம் முறுகியிருந்த ஒரு காலம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் யாரோ, "அந்தக் கிறிஸ்தவப் பொம்புள தன்ட ஆக்களுக்குத்தான் முன் நம்பர் குடுக்கா" என்று சொல்லிவிட்டான். சொன்னவனுக்கு அடுத்த நாளே மறந்திருக்கும். மஜீட் ஹாஜியார் காதில் அது விழுந்தது. அவர் நல்ல மனிதர். ராணியைக் கூப்பிட்டு ஏசவில்லை, விசாரிக்கவுமில்லை. "ராணி, நம்மட இடத்தப் பத்தி ஆக்கள் ஒண்டும் சொல்லப்போடாது பாருங்க. கொஞ்சம் கவனமா இருங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'கவனம்' ராணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து சபையார் யாராவது வந்தால் அவளுடைய கை நின்றுவிடும். "கொஞ்சம் இரி மகள், இவங்களுக்குக் குடுத்துட்டுத் தாறன்" என்பாள். முதலில் ஓர் ஆள், இரண்டு ஆள் பின்னால் தள்ளினாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஐந்தானது, பத்தானது. கடைசியில், காலைக் கூட்டம் முழுக்க எடுத்து முடிந்தபிறகுதான் தன்னுடையவர்களுக்கு நம்பர் என்று ஆகிவிட்டது. சபை மூப்பர் வந்தாலும் அப்படித்தான், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். இதற்கு அவள் வைத்திருந்த பெயர் நேர்மை. தன் ஆட்களைக்கூட முன்னுக்கு விடாதவள் என்று தன்னை நினைக்கையில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முன்னுக்கு விடாமல் இருப்பது வேறு, பின்னுக்குத் தள்ளுவது வேறு என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாம் தள்ளப்பட்டவர்கள்.

இனி டனிஸ்டன். ராணியின் இறந்துபோன அக்காவின் மகள் தினேஷா, அவளுடைய புருசன். அறுவடை மெசின் ஓட்டுகிறவன். முப்பத்தாறு வயது, நல்ல வேலைகாரன், கதை குறைவு. சிறுபோக அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை வயல்வெளியில் அவன் ஓட்டும் மெசினுக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, மெசினின் வாயில் அடைத்திருந்த வைக்கோலைக் குனிந்து இழுக்கும்போது நெல்லுச் சுணை ஒன்று இடது கண்ணில் அடித்துவிட்டது. தண்ணீரால் கழுவிவிட்டு மறுபடி ஏறி ஓட்டினான். வியாழன் கண் சிவந்தது. மருந்துக் கடையில் ஏதோ துளிமருந்து வாங்கி விட்டான். வெள்ளி இரவு அவனால் தூங்க முடியவில்லை.

சனிக்கிழமை மட்டக்களப்புக் கண் டொக்டர் வருகிற நாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவார், ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை இருப்பார், நாற்பது பேரைப் பார்ப்பார். குழந்தைக்குச் சுகமில்லாததால் தினேஷா வரவில்லை. டனிஸ்டன் கண்ணைக் கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு தனியாக ஆறு மணிக்கு வந்து நின்றான். அவனுக்கு முன்னால் நான்கு பேர். பின்னால் மருதமுனை ஆமினா உம்மா. கண்ணில் பூ விழுந்து வெட்டிச் சுகப்பட்டு, மாதமொரு முறை காட்டிக்கொண்டு போகிற மனுசி.

அவன் முறை வந்ததும் ராணி ஏறிட்டுப் பார்த்தாள். "என்ன மகன் கண்ணுக்கு?"

"நெல்லுச் சுணை அடிச்சிட்டு மாமி. குத்துது."

லேஞ்சியை விலக்கிக் காட்டினான். சிவப்புக்கு நடுவில், கருவிழிமேல் உடைந்த அரிசிபோல ஒரு வெள்ளை. ராணியின் கை ஐந்தாம் அட்டைக்குப் போனது. கூடம் நிறைய ஆட்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவளுக்கு இருந்தது. உண்மையில் பாதிப்பேர் நித்திரைத் தூக்கம், மற்றப் பாதிப்பேர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. டொக்டர் நாற்பது பேரைப் பார்ப்பார், எந்த நம்பரானாலும் ஒரு மணிக்குள் காட்டிவிடலாம், என்ன வந்துவிடப்போகிறது.

"கொஞ்சம் அதுல இரி மகன். இவங்களுக்குக் குடுத்துட்டுத் தாறன்" என்றாள்.

அவன் சுவரோரம் போய் இருந்தான். ஐந்தாம் நம்பர் ஆமினா உம்மாவுக்குப் போனது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஓய்ந்து, அவனைக் கூப்பிட்டு அட்டையைக் கொடுக்கும்போது அதில் முப்பத்தொன்று என்று இருந்தது.

பதினொன்றரைக்கு டொக்டருக்குப் போன் வந்தது. மட்டக்களப்பில் அவசர ஒப்பரேசன். இருபத்தெட்டாவது ஆளோடு எழும்பிவிட்டார். மிச்சப்பேர் சத்தம் போட்டார்கள், பிறகு ஓட்டோ பிடித்துப் போனார்கள். டனிஸ்டன் மட்டும் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"நீ நிக்காம இண்டைக்கே மட்டக்களப்புக்குப் போ மகன்" என்றாள் ராணி.

"நாளைக்கும் நாளையிண்டைக்கும் வெட்டு இரிக்கி மாமி. மெசின் சொந்தக்காரர் ஒத்துக்கிட்டாரு. மழைக்கு முதல் முடிக்கணும். முடிச்சிட்டுப் போறன்."

வெட்டு ஒரு நாள் இழுத்து, முடித்துவிட்டு அவன் போனது புதன்கிழமை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாட்டில் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். சுணையோடு வந்த பூஞ்சணம் கருவிழியைத் தின்றுவிட்டதாம். கண்ணை எடுக்காமல் காப்பாற்றினார்கள், பார்வையைக் காப்பாற்ற முடியவில்லை. "நாலு நாளைக்கு முதல் வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்று அங்கே இருந்த டொக்டர் சொன்னதைத் தினேஷா போனில் சொல்லி அழுதாள். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். ஆள் முகம் தெரியாது. ஒற்றைக் கண்ணுக்காரனை நம்பி வயலில் மெசினை இறக்க முடியாது என்று மெசின்காரர் வேறொருவனை ஏற்றிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

சபையில் அவனுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். ராணி எல்லாரையும்விடக் கூடுதலாக அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள் அவளுடைய பிழைக்கு இடமில்லை. டொக்டருக்கு அவசரம் வந்தது, அவன் வெட்டை நினைத்துப் பிந்திவிட்டான், மருந்துக்கடைக்காரன் கண்ட துளியைக் கொடுத்துவிட்டான் என்று எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. தினேஷா தன்னோடு கதை குறைத்துவிட்டதைக்கூட, பாவம் கவலையில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு ஆமினா உம்மா வந்தார். நம்பர் எடுத்துவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருக்கவில்லை. கூட்டம் ஓயும்வரை பார்த்திருந்து மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஏன் புள்ள, போன தரம் கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு பொடியன் வந்தானே. எனக்கு முன்னால நிண்டவன். அவன்ட கண் சுகமா?"

ராணி நடந்ததைச் சொன்னாள். உம்மாவின் கை நெஞ்சுக்குப் போனது.

"யா அல்லாஹ். அவனுக்கு எத்தனையாம் நம்பர் குடுத்த நீங்க?"

"முப்பத்தொண்டு."

"அவன் அஞ்சாவதா வந்தவன் புள்ள. நான் அவன்ட முதுகுக்குப் பின்னால நிண்ட. எனக்கு அஞ்சத் தந்தீங்க. நான் நினைச்சன், அவன் ஆரும் வரும்வரைக்கும் நிக்கான் போல எண்டு. மறுகா பாத்தா நான் டொக்டரக் காட்டிட்டு வெளிய வரக்குள்ளயும் அப்பிடியே இரிக்கான்."

"அவன் எங்கட ஆள் உம்மா. என்ட அக்காட மருமகன். எங்கட ஆளுக்கு முன்னுக்குக் குடுத்தா…"

"குடுத்தா?"

"நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க."

ஆமினா உம்மா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். கோபப்படுகிற மனுசி இல்லை அவர். குரலும் உயரவில்லை.

"நாங்க கேட்டமா புள்ள? நான் கேட்டனா? அது அவன்ட ஹக்கு. அவனுக்கு உரித்தானத எடுத்து எனக்குத் தந்திருக்கீங்க. எனக்கு மாசா மாசம் பாக்கிற கண். நான் முப்பத்தொண்டுல போயிருந்தாலும் ஒண்டுமில்ல, போகாட்டியும் ஒண்டுமில்ல. அடுத்தவன்ட ஹக்குல நான் டொக்டரக் கண்டுட்டு வந்து, அல்ஹம்துலில்லாஹ் எண்டு சோறு திண்டிருக்கன்."

உம்மா எழும்பும்போது, "எங்கட முகத்துக்குப் பயந்தீங்க. அதுவும் ஒரு ஓரவஞ்சனைதான் புள்ள" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார்.

அன்றைக்கு முழுக்க ராணிக்கு அட்டைகள் கையில் ஒட்டவில்லை. பதின்மூன்றுக்குப் பிறகு பன்னிரண்டைக் கொடுத்து, ஓர் ஆள் திருப்பிக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போனார். ஆள் பார்க்காமல் கொடுக்கிறேன் என்று இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். பார்த்துப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். மற்றவர்களின் முகத்தைப் பார்த்து, தன்னுடையவர்களின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிரசங்கத்தில் புகழ்ச்சி வேறு. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கம் காதுவரை ஏறியது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே டனிஸ்டன் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் பலகை ஒன்றுக்கு ஆணி அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியல் ஆணியில் ஒருமுறை படும், பலகையில் இரண்டுமுறை படும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபட நாளெடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்களாம். தினேஷா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க சின்னம்மா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ராணி உட்காரவில்லை. இருந்தால் சொல்ல மாட்டோம் என்று பயந்து நின்றபடியே சொன்னாள்.

"மகன், அண்டைக்கு நீ அஞ்சாவதா வந்தனி. நான்தான் உன்ன முப்பத்தொண்டுக்குத் தள்ளின நான். அஞ்சத் தந்திருந்தா ஒம்பதரைக்குள்ள காட்டியிருப்பாய். உன்ட கண்ணுக்கு நான்தான் பொறுப்பு."

டனிஸ்டன் சுத்தியலைக் கீழே வைத்தான். அதிர்ந்துபோவான், கத்துவான், போங்க வெளியே என்பான் என்று எதற்கும் ஆயத்தமாகத்தான் அவள் வந்திருந்தாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் மாமி. எண்ணித்தானே நிண்டன்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏண்டா கேக்கல்ல?"

"என்னெண்டு கேக்கிற? அத்தனை பேருக்கு முன்னால கேட்டா உங்கட பேர் என்னாகிற? இவ்வளவு காலம் காப்பாத்தின பேர். மற்றது, பிந்தின பிழை என்னிலயும் இரிக்கிதானே. வெட்ட விட்டுட்டுப் போயிருக்கலாம்."

அப்போதுதான் ராணி திண்ணையில்லாத அந்த வீட்டு வாசற்படியில் குந்தினாள். அவளுடைய பெயருக்காக அவன் வாயை மூடிக்கொண்டு ஆறு மணித்தியாலம் சுவரோரம் இருந்திருக்கிறான். அந்தப் பெயர் அவளுக்கு இப்போது வேண்டவே வேண்டாம் போல இருந்தது.

குசினிக்குள் ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்தது. தினேஷா வெளியே வந்துவிட்டாள்.

"அவரு சொல்லமாட்டாரு, நான் சொல்றன் சின்னம்மா. உங்களுக்குத்தான் தெரியா. சேர்ச்சுல எல்லாருக்கும் தெரியும். உங்கட மேசைக்கு நாங்க நேர வந்தா மத்தியானம்தான் எண்டு. அதால எங்கட ஆக்கள் ஆரும் வாறல்ல."

"வாறாங்கதானே. போன மாசமும் மூப்பர்ர மனுசி டொக்டரக் காட்டினவவே."

"காட்டினவ. நம்பர் எடுத்தது ஆரு? பக்கத்து வீட்டு றம்ஸியா. ஆருக்கு என்ன வருத்தமெண்டாலும் நாங்க றம்ஸியாவத்தான் பிடிக்கிற. அவ முக்காடப் போட்டுக்கிட்டு வந்து நிண்டா வந்த நம்பர் வரும். அண்டைக்கு அவ தன்ட உம்மா வீட்ட பாலமுனைக்குப் போயிருந்தா. அவ நிண்டிருந்தா இவருக்குக் கண் இரிக்கும்."

ராணிக்கு றம்ஸியாவைத் தெரியும். நன்றாகத் தெரியும். கிழமைக்கு ஒருமுறையாவது வருவாள். நெஞ்சு டொக்டருக்கு ஒரு நாள், எலும்பு டொக்டருக்கு ஒரு நாள், குழந்தை டொக்டருக்கு இரண்டு நாள். இந்தப் பிள்ளையின் வீட்டில் ஏன் இத்தனை வருத்தம் என்று ராணிக்கு மனம் பொறுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், நோயாளிகளுக்கான விண்ணப்பத்தில் அவள் பெயரைச் சேர்க்கச் சொன்னவளே ராணிதான். 'அயலில் இருக்கும் சகோதரி றம்ஸியாவின் குடும்பச் சுகத்துக்காக' என்று போதகர் ஐயா கிழமை தவறாமல் வாசிப்பார். மூப்பரின் மனுசி, தினேஷா, ஞாயிறு பாடசாலை ஆசிரியை, ஒருவர் விடாமல் தலையைக் குனிந்து ஆமென் சொல்லியிருக்கிறார்கள். சிரித்தார்களோ, பாவம் என்று நினைத்தார்களோ, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். ராணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டல்லவா ஜெபித்தாள்.

"இனி நான் என்ன செய்ய மகன்?" என்று கேட்டாள் ராணி. "வேலைய விட்டுடவா?"

"அதால ஆருக்கு என்ன லாபம் மாமி? வந்த வரிசையில குடுங்க. வேற என்ன."

"இனி நீ வந்தா முதலாவதாத் தாறன்."

"முதலாவதா வந்தாத் தாங்க" என்றான் டனிஸ்டன். தினேஷா தேத்தண்ணி மட்டும் வைத்துக் கொடுத்தாள். சீனி போட மறந்திருந்தாள், அல்லது போடவில்லை. ராணி அதைக் கேட்காமல் குடித்துவிட்டு வந்தாள்.

அடுத்து வந்த புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவள் போதகர் ஐயாவைத் தனியே கண்டு, இனிமேல் பிரசங்கத்தில் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவர் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார். அவள் காரணத்தை முழுதாகச் சொன்னாள். அதன்பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். றம்ஸியாவின் பெயரை விண்ணப்பத்திலிருந்து எடுப்பதா என்று அவர் கேட்டபோது, "இருக்கட்டும் ஐயா, இவ்வளவு காலம் எங்களுக்காக அலைஞ்ச பிள்ளை" என்றாள் ராணி.

கண் டொக்டர் வருகிற சனிக்கிழமை பிறந்தது. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தாள். எட்டுப் பேருக்கு அட்டை கொடுத்து நிமிர்ந்தால் எதிரே றம்ஸியா. இருபத்தெட்டு, முப்பது வயதுக்குள் இருப்பாள். வெள்ளென எழும்பி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"ராணியக்கா, ஒரு நம்பர்."

"ஆருக்குப் புள்ள?"

அந்த மேசையில் இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. றம்ஸியா திடுக்கிட்டு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"எனக்குத்தான்."

"உனக்குக் கண்ணுல ஒண்டுமில்ல. ஆருக்கெண்டு சொல்லு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"டனிஸ்டன் அண்ணனுக்கு. திருப்பிக் காட்டச் சொல்லியிருக்காம். தினேஷாக்காதான் என்னப் போகச் சொன்னா."

"அவன் எங்க?"

"முன்னால தேத்தண்ணிக் கடையில இரிக்காரு."

ராணி கதவுக்கு வெளியே பார்த்தாள். றோட்டுக்கு அந்தப் பக்கம், கடை வாங்கில், நல்ல கண்ணை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அவன் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவும் கதைத்து, வந்த வரிசையில் தருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். கோபப்பட அவளுக்கு நியாயம் ஒன்றும் இருக்கவில்லை.

"அவன வரச்சொல்லு புள்ள. இனிமே எங்கட ஆக்கள் ஆருக்காகவும் நீ விடியக் காத்தால எழும்பி அலையத் தேவையில்ல. அவங்களே வரட்டும். வந்த நம்பரக் குடுப்பன்."

"நேர வந்தாத் தருவீங்களா ராணியக்கா?"

பகிடிக்கோ குத்திக்காட்டவோ அவள் அதைக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தருவன்."

றம்ஸியா அவளுடைய முகத்தைப் பார்த்தாள். பின்னால் அதற்குள் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். றம்ஸியா அவர்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வீதிக்கு அப்பால் இருந்தவனையும் பார்த்தாள்.

"அப்ப சரி. நான் போய்க் கூட்டிக்கிட்டு வாறன்" என்றவள் போகாமல் கையை நீட்டினாள். "எதுக்கும் என்ட நம்பரத் தாங்களன். கையில இருக்கட்டும்."

ராணி ஒன்பதாம் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். றம்ஸியா அதைத் தன் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் அவனைக் கூட்டிவரப் போனாள்.